ஏழு என்று சொன்னவளுக்கு

இன்று காலை கல்லூரி மாடிப்படி ஏறும்போதே நொச்சி வாசனை வந்துவிட்டது. இறுதியாண்டுப் பிள்ளைகள் நடைவழி நெடுகச் செய்தித்தாளை விரித்து இலையைப் பரப்பியிருக்கிறார்கள். நேற்று பச்சையாக இருந்தபோது இல்லாத கசப்பு, பாதி காய்ந்ததும் எழுந்து நிற்கிறது. ஒரு பெண் ஓடிவந்து, "மேடம், ஃபேன் போட்டா சீக்கிரம் காஞ்சிடும், போடலாமா?" என்று கேட்டாள். நிழலில் தானாகக் காயட்டும் என்றேன். பிறகு என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நீ போய் மூன்று வருடமாகிறது. இதுவரை உனக்காக ஒரு வரி எழுதியதில்லை. எழுதினால் கோபம்தான் வரும் என்று தெரியும். வரட்டும்.

உன் ஊர் பொதட்டூர்பேட்டைக்குப் பக்கம். நம் எம்.ஃபார்ம் ஆராய்ச்சிக்கு வேண்டிய நொச்சி உன் நைனாவின் வரப்பில் வேலியாக நின்றது. ஞாயிற்றுக்கிழமை போய் ஒரு கோணி நிறைய வெட்டிக்கொண்டு திங்கட்கிழமை பஸ்ஸில் வருவாய். லக்கேஜ் போடவேண்டும் என்று கண்டக்டர் மல்லுக்கு நின்ற கதையை நீயே நடித்துக் காட்டுவாய். "இன்னாம்மா இது, மாட்டுக்கா?" என்று அவர் கேட்டாராம். "இல்லண்ணா, எலிக்கு" என்றாயாம். அதற்குப் பிறகு அவர் டிக்கெட்டே கேட்கவில்லையாம்.

எலிக்குத்தான். வெள்ளை எலியின் பின்னங்காலில் ஊசி போட்டு வீங்க வைப்போம். ஒரு கூட்டத்துக்கு நொச்சிச் சாறு, ஒப்பிட்டுப் பார்க்கும் 'கண்ட்ரோல்' கூட்டத்துக்கு வெறும் பிசின் தண்ணீர், ஒரு கூட்டத்துக்கு டைக்ளோபினாக் என்ற வலி மருந்து. ஏற்கெனவே பலன் தெரிந்த மருந்து என்பதால் அதற்கு 'ஸ்டாண்டர்டு' என்று பெயர். வீக்கம் எவ்வளவு வடிந்தது என்று அளப்போம். இன்னொரு சோதனையில் எலியைச் சூடான தட்டின்மேல் விட்டு, அது எப்போது காலை நக்குகிறது என்று பார்ப்போம். மருந்து வேலை செய்தால் அதிக நேரம் தாங்கும். நான் கடிகாரம். நீ கை. எலியைப் பிடிக்க உன்னைப்போல் யாருக்கும் வராது.

அந்தச் சோதனைக்கு ஒரு கட்டு உண்டு. எலி காலை நக்கினாலும் நக்காவிட்டாலும் குறித்த நேரத்துக்குமேல் அதைத் தட்டில் விடக்கூடாது. பாதம் வெந்துபோகும். அதற்கென்று ஒரு குழு, ஒரு விதி, ஒரு கையெழுத்து எல்லாம் இருந்தது. நீ அந்த நேரம் வரைக்கும்கூடக் காத்திருக்க மாட்டாய். "போதும், எடுத்துட்டேன், எழுதிக்கோ" என்பாய். அப்படி எழுத முடியாது என்று நான் சண்டை போடுவேன். அந்த எலியின் கணக்கை நீக்கிவிட்டு மறுபடி செய்வோம்.

எலி ஒருமுறை காலை நக்கினால் போதும். வலிக்கிறது என்று நம்பிவிடுவோம். சாட்சி கேட்டதில்லை.

படிப்பு முடிந்து எனக்குத் திருவள்ளூரில் இந்தக் கல்லூரி வேலை. உனக்குக் கல்யாணம், கும்மிடிப்பூண்டியில் வாடகை வீடு, மாத்திரை கம்பெனியில் பேக்கிங் பிரிவு. ஓடிக்கொண்டிருக்கும் அட்டைகளில் மாத்திரை விட்டுப்போயிருக்கிறதா என்று எட்டு மணி நேரம் நின்றபடி பார்க்கவேண்டும். எம்.ஃபார்ம் படித்துவிட்டு இதுவா என்று கேட்டேன். தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் உன் வீட்டுக்காரருக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை, இரண்டாவது குழந்தைக்கு மூன்று மாதம், வேறு பேச்சில்லை என்றாய். சில நாள் மத்தியானம் ஃபோன் செய்து, "இன்னிக்கி நம்ம ஸ்டாண்டர்டு ஓடுதுடி" என்பாய். அன்றைக்கு டைக்ளோபினாக் அட்டை என்று அர்த்தம்.

வலி விரல்களில் ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் பேஸ்ட்டைப் பிதுக்க முடியவில்லை, பால் கவரைப் பிரிக்க முடியவில்லை, ஒரு மணி நேரம் போனால் சரியாகிறது என்றாய். நாம் இருவரும் அதைப் பாடமாகப் படித்தவர்கள். மூட்டு வாதம் என்று இரண்டு பேருக்குமே உடனே புரிந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை. சிலருக்கு அப்படித் தெரியாமலே இருக்கும் என்பதையும் நாம் படித்திருந்தோம். ஆனால் தெருமுனை டாக்டருக்கும் உன் வீட்டுக்கும் அந்தக் காகிதம் போதுமாக இருந்தது. ஒன்றும் இல்லையாம். வேலைக்குப் போகாமல் இருக்க வழி தேடுகிறாள் என்றார் உன் மாமியார். மோசமான மனுஷி இல்லை அவர். தானும் முட்டி வலியோடு நின்று சமைத்தவர். தனக்கு இல்லாத சலுகை உனக்கு மட்டும் எதற்கு என்று நினைத்திருக்கலாம்.

ஒருநாள் அவரே பஸ் ஸ்டாண்டு கடையிலிருந்து ஒரு பொடி வாங்கி வந்தார். நான் இரண்டு பஸ் மாறி உன்னைப் பார்க்க வந்திருந்த நாள் அது.

"மூலிகைதான், ஒண்ணியும் பண்ணாது, சாப்டு" என்றார்.

"ஒண்ணியும் பண்ணாததுக்கு எதுக்கு அத்தே சாப்டணும்?" என்றாய்.

அவருக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பொட்டலத்தின் மேல் 'ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது' என்று அச்சிட்டிருந்தது. உள்ளே இருந்த சரக்கில் முதல் பெயர் நொச்சி. எந்த ஆராய்ச்சி, எத்தனை எலி, எவ்வளவு அளவு என்று நீ பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். நம்முடையதாகவும் இருக்கலாம். நம் நொச்சி எலியின் காலில் வீக்கத்தைக் குறைத்தது உண்மை. அதைத் தாண்டி நமக்கு எதுவும் தெரியாது என்பதும் உண்மை. முதலாவதை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நொச்சி போட்ட வெந்நீரில் கையை வைத்தால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கிறது என்று நீயும் சொன்னாய். வெந்நீரா நொச்சியா என்று தெரியவில்லை, கண்ட்ரோல் வைக்கவில்லை என்று சேர்த்துச் சொன்னாய்.

பிறகு பாதத்துக்கும் முட்டிக்கும் வந்தது. நீ கம்பெனியில் கேட்டது ஒரு ஸ்டூல். உட்கார்ந்தபடியே அந்த அட்டைகளைப் பார்க்க முடியும். சம்பளம் கூட்டச் சொல்லவில்லை, லீவு கேட்கவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தால் ஸ்டூல் தருகிறோம் என்றார்கள். வாரம் ஒருநாள் கம்பெனிக்கு வரும் டாக்டர் முன்னால் போய் நின்றாய். வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டார்.

நீ ஏழு என்றாய்.

அன்று சாயங்காலம் ஃபோனில் இதைச் சொன்னபோது நான் கத்தினேன். ஏன்டி பத்து என்று சொல்லவில்லை என்றேன்.

"பத்துன்னா அதுக்கு மேல வலியே இல்லைன்னு அர்த்தம்டி. நாளைக்கி இன்னும் ஜாஸ்தியா வந்தா இன்னா சொல்றது? பதினொண்ணா?"

"அவரு இன்னா சொன்னாரு?"

"ஏழுதானேம்மா, பத்துன்னு சொல்றவங்களே நின்னுதான் வேலை பாக்குறாங்கன்னாரு."

நடுத்தர வலி, வேலைக்குத் தகுதி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஏழு என்பதை நீ யோசித்து, முந்தின வாரத்தோடும் பிரசவ வலியோடும் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லியிருந்தாய். ஒரு கருவி அளப்பதுபோல உன் உடம்பை அளந்து சொன்னாய். அந்த அறையில் ஒழுங்காக அளந்தவள் நீ ஒருத்திதான். அதற்குத்தான் உனக்கு ஸ்டூல் கிடைக்கவில்லை.

அதன்பிறகு நின்றாய். நிற்பதற்கு நம் ஸ்டாண்டர்டு மாத்திரையே போட்டாய். காலையில் ஒன்று, ஷிஃப்ட் நடுவில் ஒன்று, பிறகு கணக்கில்லை. எந்த மருந்துக் கடையிலும் சீட்டு கேட்காமல் கொடுத்தார்கள். அது சிறுநீரகத்தை என்ன செய்யும் என்று நீ பரீட்சையில் படம் போட்டு எழுதியவள். நான் நினைவுபடுத்தினால் பொறுமையாகக் கேட்டுக்கொள்வாய்.

"தெரிஞ்சிக்கினுதான் போடுறேன். நிக்கணும் இல்ல?"

கால் வீங்க ஆரம்பித்த பிறகுதான் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வர உன் வீட்டுக்காரர் சம்மதித்தார். நானும் வந்தேன். அங்கே மூட்டு டாக்டர் உன் விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துவிட்டு நோயின் பெயரைச் சொல்லிவிட்டார். ரத்தக் காகிதத்தை அவர் புரட்டவே இல்லை. இதற்கு நல்ல மருந்து இருக்கிறது, முதலிலேயே வந்திருந்தால் விரல் கோணியிருக்காது, இப்போது சிறுநீரகம் போயிருப்பதால் அதைக் கொடுக்கப் பயமாக இருக்கிறது என்றார். இவ்வளவு வருடம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

"அளந்துக்கினு இருந்தேன் சார்" என்றாய். அவருக்குப் புரியவில்லை.

கடைசியாக உன்னை வார்டில் பார்த்தபோது ஒரு நர்ஸ், வயது மிகவும் குறைவு, கையில் அட்டையோடு வந்து அதே கேள்வியைக் கேட்டாள். நீ கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்தாய். அந்த யோசனையைப் பார்த்து எனக்கு ஆத்திரமாக வந்தது. "ஒன்பது" என்றாய். அவள் எழுதிக்கொண்டு போனாள். நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணு இருக்கட்டும்டி" என்றாய்.

அடுத்த வாரம் உன் வீட்டுக்கு வந்தேன். வாசலில் வாடகை நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். உன் கம்பெனியிலிருந்து மாலையோடு வந்தவர்கள் எல்லோரும் அதில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். நான் நின்றேன்.

இப்போது நம் பாடம் மாறிவிட்டது. பிள்ளைகள் எலியைத் தொடுவதில்லை. கம்ப்யூட்டரில் ஒரு எலிப் படம் சூடான தட்டில் காலை நக்குகிறது. நல்லதுதான். நீ சந்தோஷப்பட்டிருப்பாய். வலியை எண்ணால் கேட்கும் முறையை நடத்தும்போது மட்டும் நான் புத்தகத்தை மூடிவிடுகிறேன். ஒருத்தர் ஏழு என்று சொன்னால் நடுத்தரம் என்று எழுதாதீர்கள், மீதி மூன்றை எதற்கு வைத்திருக்கிறார் என்று கேளுங்கள் என்கிறேன். இது பரீட்சைக்கு வருமா என்று கேட்கிறார்கள். வராது.

போன மாதம் எனக்கும் முட்டி வலி. உன்னுடையதுபோல் இல்லை, வயதானால் வருவதுதான். பக்கத்து கிளினிக்கில் கூட்டம், உட்கார இடமில்லை. என் முறை வந்து உள்ளே போனதும், பத்துக்கு எவ்வளவு என்று டாக்டர் கேட்டார். நான்கு இருக்கும். நன்றாகத் தெரியும் எனக்கு, அளக்கத் தெரிந்தவள்தானே நானும்.

அவர் கேட்டு முடிப்பதற்குள் பத்து என்றேன்.

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "அய்யோ, ஏம்மா நிக்கிறீங்க" என்று காலால் ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

உட்கார்ந்தேன். எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா.