என்னைவிட மூத்த மகன்

1954 அக்டோபர் 4, கியோட்டோ

இயக்குநர் கஜிவாரா இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கே வந்தார். எப்போதும் உதவியாளரைத்தான் அனுப்புவார், அப்போதே சந்தேகம். புதுப் படத்தில் நான் தாயாம். யாருக்கு? கதாநாயகன் கென்பாச்சிக்கு. எனக்கு முப்பத்தெட்டு, அவருக்கு நாற்பத்தொன்று.

"போன வருஷப் படத்துல அவரோட ஓடிப்போனேன். இந்த வருஷம் அவரைப் பெத்தும் போடணுமா?" என்றேன்.

"முடியை மட்டும் நரைக்க வச்சா போதும், சிகுசா" என்று தேநீரை உறிஞ்சினார்.

அக்டோபர் 5

முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இனிப்பைத் திருப்பி அனுப்பவில்லை.

அக்டோபர் 8

ஸ்டூடியோ முதலாளி அழைத்தார். கதாநாயகி வேடத்துக்கு இருபது வயது சுமியேயைப் போட்டாயிற்று. இதை விட்டால் எனக்கு இந்த வருஷம் வேறு படம் இல்லை. அவசரமில்லை, நிதானமாக யோசியுங்கள் என்றார். அவர் அப்படிச் சொன்னால், வேறொருத்திக்கு உடை அளவெடுக்கக் கிளம்பிவிட்டார்கள் என்று அர்த்தம். பதினாறு வயதிலிருந்து இதைத் தவிர வேறென்ன தெரியும் எனக்கு? ஒப்புக்கொண்டேன்.

அக்டோபர் 19

முதல் நாள். நரைமுடி டோப்பாவோடு வெளியே வந்தேன். கென்பாச்சி எல்லார் முன்னாலும் குனிந்து, "அம்மா, பசிக்குது" என்றார்.

"முதல்ல தொப்பையை உள்ள இழுடா, மகனே."

விளக்குக்காரர்கள்வரை சிரித்தார்கள். நானும்தான். அப்புறம் ஒப்பனை அறைக்குப் போய் அழுதேன் — கொஞ்சம்தான். ஒப்பனை கலைந்துவிடுமே.

அக்டோபர் 27

போரில் ரஷ்யர்களிடம் பிடிபட்ட மகன் சைபீரியச் சிறைமுகாமிலிருந்து திரும்பி வருகிறான்; தாய் சோறு போடுகிறாள். அவ்வளவுதான் காட்சி. காலையெல்லாம் எடுத்தும் கஜிவாராவுக்குத் திருப்தியில்லை.

"இடது கன்னத்தைக் காட்டாதீங்க. வந்திருக்கிறது மகன், காமிரா இல்ல."

இருபது வருஷமாக எல்லாரும் புகழ்ந்த கன்னம்! எரிச்சலோடு மறுபடி உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் சோறு வாய்க்குப் போகுமுன் கஜிவாரா நிறுத்திவிட்டதால், காலையிலிருந்து பட்டினி கிடந்த கென்பாச்சி அள்ளி அள்ளித் தின்றார். புரையேறிவிட்டது. முகம் சிவந்து, மூச்சு முட்டி — நடிப்பில்லை. பாய்ந்து போய் முதுகில் அறைந்தேன். டோப்பா கோணிக்கொண்டது. "மெதுவாத் தின்னு. யாரும் பிடுங்கிட்டுப் போக மாட்டாங்க" என்று வாயில் வந்தது. வசனத்தில் அப்படி ஒரு வரியே இல்லை. அவர் என்னைப் பார்த்தார். கண்ணில் நீர். இருமலாலா, வேறு எதனாலா, தெரியவில்லை. காமிரா ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

கஜிவாரா மூக்கைச் சிந்தினார்.

டிசம்பர் 12

சளிப்பிடித்தவர்கள் கட்டும் துணி முகமூடியைப் போட்டுக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாகப் படம் பார்த்தேன். சோறு போடும் இடத்தில் அரங்கில் மூச்சுச் சத்தம் இல்லை. இடது கன்னம் எங்குமே தெரியவில்லை. பாவிகள்.

வெளியே வந்து முகமூடியைக் கழற்றியதும் ஒருவர் அடையாளம் கண்டுகொண்டார். நைந்த ராணுவக் கோட்டு, காதோரம் நரை. கையெழுத்துக் கேட்பார் என்று பேனாவைத் தேடினேன். அவர் கேட்கவில்லை. நிமிர்ந்து நின்று, "வந்துட்டேம்மா" என்றார்.

என்னைவிடப் பெரியவர். யாரோ எவரோ. 'நீங்கள்' என்று பேசத் தோன்றவில்லை எனக்கு.

"சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.