கரைந்த பசை

அன்புள்ளவளுக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீயும் மகளும் நலமா? நமக்குள் வந்த அந்தச் சண்டைக்குப் பிறகு நீ போனை எடுக்காததால் எழுதித்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

கரைப்பான்களை வடிகட்ட தலைமுடி போல மெல்லிய, உள்ளே துளையுள்ள குழல் இழைகள் செய்கிறேன் அல்லவா? கரைப்பானில் ஊறினாலும் உப்பாத இழை இப்போது கிடைத்துவிட்டது. ஆனால் இழைகளைக் கட்டாக ஒட்ட, தண்ணீர் வடிகட்டிக்குப் போடும் பசையையே மேலாளர் போடச் சொன்னார். அது கரைப்பானில் கரைந்துவிடும் என்று எனக்குத் தெரியும். "போற இடமெல்லாம் சண்டைதானா?" என்று நீ கேட்டது நினைவுக்கு வந்தது, சும்மா இருந்தேன்.

நேற்று பசை கரைந்து, கட்டு பிய்த்துக்கொண்டு கரைப்பான் முகத்தில் தெறித்தது. பயப்படாதே, கண் தப்பியது. மேலாளர் வந்து, "உங்க இழை சரியில்ல சார்" என்றார். என் முகத்தைக் கழுவிவிட்ட சக ஊழியர், "பசைதான்னு சொல்லுங்க சார், வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றார். அப்போதும் பேசவில்லை. உன் பேச்சைக் கேட்டு நான் கண்ட பலன் இது.

மூக்குக்கண்ணாடியின் பிளாஸ்டிக் வில்லை வெளுத்துப்போனது. அலமாரியில் என் பழைய கண்ணாடி இருக்கும், அனுப்பு. கூடவே இரண்டு வரி எழுதினால் உன் கை தேய்ந்துவிடாது.

தபால் எடுக்கும் நேரமாகிறது. 'உன் கணவன்' என்று எழுதப் போனேன். நீ இன்னும் அப்படி நினைக்கிறாயா என்று தெரியவில்லை. கையெழுத்து இல்லாமலே அனுப்புகிறேன்.