குளிரை மட்டும் கேட்டேன்

உயிர்க்கெல்லாம் நிழலாகும் ஈசன் திருவடி போற்றி.

அன்பு மனையாளுக்கு, நான் நலம். உன் முழங்கால் வலியும் கர்ப்பிணி மகளின் நலமும் எழுதுக.

முதலாளியின் அறுபது வயதுக் காருக்கு ஏசி பொருத்தினேன். அது குளிர்ந்தால் மகளின் பிரசவத்துக்கு ஊருக்கு அனுப்புவதாக வாக்களித்திருந்தார். அது குளிரவேண்டி ஈசனை நினைத்து மூன்று நாள் நோன்பிருந்தேன். நேற்று காற்று பனியாய் வந்தது.

“பெரியவரே, பல்லு தந்தியடிக்குது! நம்ம கூட்டாளிங்க வண்டி நாலு வருது, அதையும் முடிச்சிட்டுப் போங்க” என்று சிரித்தவாறே, என் பாஸ்போர்ட் இருந்த இழுப்பறையைப் பூட்டினார்.

மூக்குக்கண்ணாடி துடைக்க உன் பழைய சேலைத் துண்டொன்று அனுப்பு.

குளிரைக் கேட்டவன், ஊர் திரும்பும் வரத்தைக் கேட்க மறந்தேன், நீயாவது கேள். அடுத்த கார் வாசலில் ஹாரன் அடிக்கிறது.

தாயும் சேயும் நலமுறுக. நம் இல்லம் தழைக்க.