கயிறும் மாத்திரையும்

தம்பி,

நேற்று கிரைண்டர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு பொன்னமராவதியில் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடைக்குப் போனேன். படி ஏறும்போதே வார்னிஷ் வாடை அடித்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் உன் சட்டையிலிருந்து போகாத அதே வாடை. கடைக்காரர் உட்காரச் சொன்னார். மோட்டாரை வைத்துவிட்டு உடனே இறங்கிவிட்டேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கோபம். நீ போய் இரண்டு வருடமாகிறது. எனக்கு இன்னும் அழுகைக்கு முன்னால் கோபம்தான் வருகிறது.

உன் கடையில் எப்போதும் ஆறு மோட்டார் பிரித்துப் போட்டபடி கிடக்கும். ஒன்றைக் கழற்றுவாய், பாதியில் அடுத்ததற்குப் போவாய், ஸ்குரூடிரைவர் தேடி வீட்டுக்கு வந்தவன் டிவி ரிமோட்டைப் பிரித்துக்கொண்டிருப்பாய். வயல் காய்கிறது என்று ஆட்கள் வந்து திட்டுவார்கள். ஆனால் மற்றவர்களுக்குப் பிடிபடாத பழுதை, மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே நீ சொல்லிவிடுவாய். பள்ளிக்கூடத்தில் பாதி நாள் உன்னை வெளியே நிறுத்தினார்கள். அப்பா பெல்ட்டை எடுத்தார். நான் 'கூறுகெட்டவன்' என்று பெயரே வைத்தேன். நீ குடிக்க ஆரம்பித்ததும் எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று. உனக்கு என்னதான் கோளாறு என்று அதற்குமேல் ஒருவரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. குடிகாரன், அவ்வளவுதான்.

ஒருமுறை நீ வாந்தியெடுத்துப் படுத்திருந்தபோது, ஏன்டா இப்படி என்று கேட்டேன். "தலைக்குள்ள நாலு மைக்செட்டு ஒரே நேரத்துல பாடுதுக்கா. ஒரு குவாட்டர் போட்டா மூணு நின்னுருது" என்றாய். குடித்துவிட்டு உளறுகிறாய் என்று வாளியை எடுத்துக்கொண்டு போனேன்.

பிறகு உன்னைக் கூட்டிக்கொண்டு போன இடத்தில், திருச்சி மனநல டாக்டர் அதையே வேறு வார்த்தையில் சொன்னார். ஏடிஎச்டி என்று பெயர் சொன்னார். சின்ன வயதிலிருந்தே உனக்கு இருந்திருக்கிறது, கவனம் ஓரிடத்தில் நிற்காது, அந்தத் தவிப்பை அடக்கத்தான் குடியைப் பிடித்திருக்கிறாய், ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் நிற்காது என்றார். உன்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னிடம் தனியாக ஒன்று சொன்னார். "நடுவுல ஒருநாள் குடிச்சிட்டு வரலாம். அன்னைக்குத் திட்டாதீங்க. இங்க கூட்டிட்டு வாங்க." நான் நன்றாகத் தலையாட்டினேன்.

குடியை விட்டு மாத்திரை ஆரம்பித்து ஆறாவது வாரமோ என்னவோ, பிரித்த மோட்டாரை எழுந்திருக்காமல் ஒரே மூச்சில் கட்டி முடித்தாய். "இன்னைக்கு ஒரு செட்டுதான்க்கா பாடுது, அதும் மெதுவா" என்றாய். உன் முகத்தில் அப்படியொரு ஆச்சரியத்தை நான் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில்தான் வல்லத்திராக்கோட்டையில் உனக்குப் பெண் பார்த்தோம். மருந்துக்கடையிலிருந்து பேச்சுக் கிளம்பி, அது மனநல டாக்டர் எழுதிய மாத்திரை என்று சொந்தபந்தம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பெரியப்பா வீடு தேடி வந்தார். "மாத்திரையும் போதைதான். கோயில்ல கயித்தக் கட்டி விடு. கயிறு கட்டுனவனுக்குப் பொண்ணு குடுப்பாங்க. பைத்தியத்துக்கு மாத்திரை திங்கிறவனுக்கு எவன் குடுப்பான்?"

சாமி முன்னால் சத்தியம் செய்து, பூசாரி கையால் கயிறு கட்டிக்கொண்டு குடியை விட்டவர்கள் நம் பக்கத்தில் உண்டு. இல்லையென்று நான் சொல்லமாட்டேன். கயிற்றோடு குடித்தால் வீட்டில் ஓர் உயிர் போகும் என்கிற பயம் சிலரை நிறுத்தியிருக்கிறது. ஆனால் கயிறு கட்டினால் மாத்திரையை விட வேண்டும் என்று எந்தச் சாமி கேட்டது? பூசாரிகூட அப்படிச் சொல்லவில்லை. பெரியப்பா சொன்னார், நான் கேட்டுக்கொண்டு உன்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டவைத்தேன். மிச்சமிருந்த மாத்திரை அட்டைகளை நானே அடுப்பில் போட்டேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோமே என்று நீ இழுத்தாய். சாமிக்கு மேலா டாக்டர் என்று உன் வாயை அடைத்தேன்.

நாற்பது நாள் ஓடியது. மைக்செட்டெல்லாம் திரும்பி வந்திருக்கும். நீ சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. உன் மேலும் எனக்குக் கோபம்தான். ஊரான் மோட்டாருக்கெல்லாம் பழுது சொன்னவன், முடியலக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா?

ஒரு மத்தியானம் போன் செய்தாய். குரலிலேயே தெரிந்தது. "ஒரு தடவதான்க்கா. கயித்தக் கழட்டி வச்சுட்டுத்தான் குடிச்சேன், ஒன் பிள்ளைகளுக்கு ஒன்னும் ஆகாது. இப்ப வீட்டுக்கு வரட்டுமா?"

"கயித்தக் கழட்டுன கையோட என் வாசல மிதிக்காத" என்றேன்.

டாக்டர் சொன்ன அந்த ஒருநாள் அதுதான். மாத்திரை என்றால் மறுநாள் காலையில் மறுபடி போட்டுக்கொண்டிருப்பாய். கயிற்றைக் கழற்றியவனுக்குத் திரும்பி வர நாங்கள் வழியே வைக்கவில்லை. அதற்கப்புறம் நீ விடாமல் குடித்தாய். ஐந்து மாதம். ரத்த வாந்தியோடு ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்றாம் நாள் போய்விட்டாய். துக்கத்துக்கு வந்த பெரியப்பா, சத்தியத்தை மீறின குற்றம் என்றார். அத்தனை பேர் முன்னால் அவரை வாய்க்கு வந்தபடி பேசினேன். பேசியதில் பாதி எனக்குச் சொல்லிக்கொண்டது. அவர் வீட்டு விசேஷம் எதற்கும் நான் இப்போது போவதில்லை.

போன மாதம் எதிர்வீட்டுப் பெண் அழுதுகொண்டு வந்தாள். அவள் வீட்டுக்காரர் குடியை விட வைத்தியத்தில் இருக்கிறவர், நடுவில் குடித்துவிட்டார், அவள் கதவைச் சாத்திவிட்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தவரை என் வீட்டுக்குக் கூட்டிவந்து, தட்டில் சோற்றைப் போட்டு, "சாப்புடுங்க, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் நானும் கூடவே போனேன்.

சாப்பிட்டு முடித்து அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அவர் மேலும் ஆத்திரம் வந்தது. அது உனக்குப் போட்டிருக்க வேண்டிய சோறு.

உன் அக்கா