எண்பத்தாறு கிலோ

ஞாயிறு இரவு, வெஸ்ட்மீட்

காலையில் மகள் கவிதாவுடன் பூங்காவில் நடக்கப் போனேன். கையில் என் கணவருடைய ஸ்மார்ட் வாட்ச்தான். அவர் போன பிறகு அதை நான் கட்டிக்கொள்கிறேன். நடந்து முடிந்ததும் கவிதா ஃபோனை வாங்கிப் பார்த்தாள்.

“அம்மா, இவ்வளவு கலோரி நீங்கள் எரிச்சிருக்க ஏலாது. ஆப்பில இன்னும் அப்பாவின்ர நிறைதான் கிடக்கு, எண்பத்தாறு கிலோ. உங்கட ஹார்ட் ரேட்டை வச்சு அவற்ற உடம்புக்குக் கணக்குப் போடுது.”

“ஓம், தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் மாத்தேல்ல?”

அந்தப் பெரிய கலோரி எண்ணைப் பார்க்கும்போது அவரும் கூட நடந்து வந்ததுபோல இருக்கும். அதைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அவள் நல்லதுக்குத்தான் செய்தாள். என் வயதையும் ஐம்பத்திரண்டு கிலோவையும் போட்டுத் தந்தாள்.

நோயில் பாதியாய் மெலிந்தபோதும் அவர் அந்த எண்பத்தாறை மாற்ற விடவில்லை. “சுகமாகித் திரும்ப நடக்கேக்க தேவைப்படும், இருக்கட்டும்” என்றார். ஆஸ்பத்திரியில் கிழமைக்கு ஒரு தடவை நிறை பார்ப்பார்கள். ஒரு கிலோவாவது ஏறவேண்டும் என்று மேய்ஸ் ஹில் கோயில் முருகனிடம் வெள்ளி தவறாமல் போய் நின்றேன். ஏறவேயில்லை.

பின்னேரம் தனியாக அதே பாதையில் நடந்தேன். கலோரி வெகு குறைவாகக் காட்டியது. சரியான கணக்காம். யாருக்கு வேண்டும்?

இப்போது கட்டிலில் இருந்தபடி மறுபடியும் எண்பத்தாறு என்று போட்டேன். ஒரே நாளில் முப்பத்துநான்கு கிலோ ஏறியிருக்கிறது, இது சரிதானா என்று செயலி கேட்டது.

ஓம் என்று அழுத்தினேன்.