கீழே இறங்கும் லிஃப்ட்

இன்று டிசைன் கொடுக்கப் போன புடவைக் கடையில் புதிதாக லிஃப்ட் போட்டிருக்கிறார்கள். கதவு திறந்ததும் புது ரப்பர் விரிப்பின் வாடை மூக்கில் ஏறியது. பொத்தானை அமுக்கிவிட்டு நின்றபோது, பக்கத்தில் நீ நிற்பது போலவே இருந்தது. நீ மட்டும் இருந்திருந்தால் வந்த வேலையை மறந்துவிட்டுப் பொழுதுக்கும் ஏறி இறங்கியிருப்பாய்.

நீயும் நானும் ஒரே அறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, புடவை பார்டருக்கு மயிலும் அன்னமும் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டிருந்தவர்கள். திடீரென்று உன் இதயம் மக்கர் பண்ணியது. ஆபரேஷன் முடியும்வரை மாடிப்படிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளையார்பாளையத்தில் உங்கள் வீட்டுக் கீழ்த்தளம் முழுக்கத் தறி. நீங்கள் இருந்ததோ இரண்டாவது மாடி. மாதக்கணக்கில் மேலேயே அடைந்து கிடந்தாய்.

வேலை விட்டதும் நான் நேராக உன்னிடம் வந்துவிடுவேன். ஆளுக்கொரு போனில், இருவரும் ஒரே உலகத்துக்குள் நுழைந்து, அந்தக் கட்டை அடுக்கும் விளையாட்டை ஆடுவோம். உன் தெருவையே அதில் கட்டி வைத்திருந்தாய். சாயத்தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்குச் சிவப்புக் கட்டை, இட்லிக் கடை பெஞ்சு, நடுவில் உங்கள் வீடு. எல்லாம் முடிந்ததும் லிஃப்ட் வேண்டும் என்றாய். பொம்மைக்கு என்ன மூச்சா வாங்கப் போகிறது, படியில் இறங்கேன் என்று வாய்க்கொழுப்பாகக் கேட்டுவிட்டேன். உனக்கு முகம் சுருங்கிவிட்டது.

"அந்தப் படிய பாத்தாலே எனக்கு எரிச்சலா இருக்குதுடி. லிஃப்டுல கீழ போவணும், தெருவுல நடக்கணும். அவ்ளோதான்."

அப்புறம் நான் ஏன் வாயைத் திறக்கிறேன்?

ஏதோ வீடியோவைப் பார்த்து, எந்த அடுக்கில் எந்தக் கட்டை என்று கிராஃப் தாளில் போட்டுக் கொடுத்தாய். தரையோடு வரவேண்டிய முதல் அடுக்கைத் தாளின் உச்சியில் எழுதியிருந்தாய். புடவை கிராஃபை அடிவரியிலிருந்துதானே படிப்போம்? பழகிய கை, நானும் அடிவரியிலிருந்தே கட்டிக்கொண்டு போனேன். மொத்தமும் தலைகீழாகிவிட்டது. கீழே இறங்க நீ பொத்தானை அமுக்கினாய். லிஃப்ட் கூரையைத் தாண்டி உன்னை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது. போனது, போனது, நிற்கவே இல்லை.

நாம் சிரித்த சிரிப்பில் உன் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்கள்.

"பாரும்மா, ஆபரேஷனுக்கு முன்னாடியே இவ என்ன மேல அனுப்பிட்டா."

அவர்கள் சிரிக்கவில்லை. அப்படியே உள்ளே போய்விட்டார்கள். நீ குரலைத் தாழ்த்தி, "பயமாதான்டி இருக்குது. அதுக்குள்ள இத ஓட வெச்சிடு" என்றாய்.

வைத்தேன். ஆனால் நீ சென்னை ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றைக்குத்தான் முடிக்க முடிந்தது. தாளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து கட்டினேன். நானே ஒருமுறை இறங்கிப் பார்த்துவிட்டு, மறுபடி மேலே கொண்டுவந்து உன் மாடி வாசலில் நிறுத்தினேன். ரெடி என்று செய்தி அனுப்பினேன். பார்க்கிறேன் என்று ஒரு வார்த்தை வந்தது. மறுநாள் ஆபரேஷன். நீ கண் விழிக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த விளையாட்டை நான் தொடவே இல்லை. நீ பார்க்காமலே போயிருந்தால் என்ன செய்வேன் என்ற பயம். உன் சாவைத் தாங்கிக்கொண்டேன்; அதைத் தாங்கியிருக்க மாட்டேன். நேரத்தோடு முடித்துக் கொடுத்திருக்கலாமே என்று எத்தனை நாள் மருகியிருக்கிறேன் தெரியுமா?

இன்று வீட்டுக்கு வந்ததும் துணிந்து திறந்துவிட்டேன். நம் இருவரைத் தவிர அதற்குள் வர யாருக்கும் வழி கிடையாது. தெரு அப்படியே இருந்தது. உன் மாடி வாசலில் லிஃப்டைக் காணோம். எட்டிப் பார்த்தேன். கீழே, தெருவோடு தெருவாக நின்றுகொண்டிருந்தது.

இறங்கியிருக்கிறாய்டி. அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே இறங்கியிருக்கிறாய். போனை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். அவ்வளவு சந்தோஷமாகவும் இருந்தது.

நீ எதுவரை நடந்தாய் என்று தெரியவில்லை. லிஃப்டை நான் மேலே கூப்பிடவில்லை. இனியும் கூப்பிட மாட்டேன்.