இடது ஜாக்கி

1953 அக்டோபர் 9

கொள்ளேகால், ஹனூர் சுற்று முடிந்து மதியம் மைசூர் வந்து சேர்ந்தோம். இடுப்பு விட்டுப் போச்சு. யுத்தம் முடிந்து ஏலத்தில் எடுத்த வண்டி இது. பட்டாளத்துக்கு உழைத்தது போதாதென்று இப்போது ஆஸ்பத்திரி டிரெய்லராக ஊர் ஊராக அலைகிறது. அதை இழுக்கிற லாரியை ஓட்டுகிற நானும் அப்படித்தான்.

ஹனூரில் ஒன்று நடந்தது. லாரியைக் கழற்றிவிட்டால் டிரெய்லரின் முன்பாரம் முழுக்க அந்த இரண்டு ஜாக்கிக் கால்மேல்தான். டீ குடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், இடது கால் நாலு விரற்கடை உள்வாங்கி வண்டி சாய்ந்திருக்கிறது. கைப்பிடியைச் சுற்றினால் நிமிர்கிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே கதை. அட்டெண்டர் மல்லப்பன் முன்சட்டத்துக்கு அடியில் ரயில் ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கி வைத்திருந்தான், அதனால் பிழைத்தோம். யாரும் சொல்லாமலே எந்த ஊரிலும் அதைச் செய்துவிடுவான். குழந்தையைத் தூக்கி வைக்கிற மாதிரி வைப்பான். நான் கிண்டல் செய்வதுண்டு.

அக்டோபர் 12

இடது ஜாக்கியைப் பிரித்தேன். திருகு நன்றாக இருக்கிறது. அதைத் தாங்குகிற பித்தளை மரைதான் தேய்ந்து பிளேடாகிவிட்டது. எத்தனை நாள் தாங்கும்? தெரியாது.

சூப்பரிண்டெண்டு சாம்பசிவன் சாரிடம் சொன்னேன். தசரா முடியட்டும், பார்க்கலாம் என்றார். தேவராஜ மொஹல்லாவில் லேத் வைத்திருக்கிறவரிடம் நானே போய்க் கேட்டேன், அவரும் பண்டிகை கழித்து வரச் சொன்னார். ஊரே தசரா என்றால் நான் மட்டும் என்ன செய்வது? கிரீஸ் தடவிப் பழைய மரையையே மாட்டிவிட்டேன்.

மல்லப்பனிடம் சொல்லவில்லை. சொன்னால் வண்டிக்கு அடியில் போகவே தயங்குவான். அப்புறம் எல்லாம் என் தலையில் விழும்.

அக்டோபர் 15

பொருட்காட்சி மைதானத்தில் நம் டிரெய்லரை ஜனங்கள் பார்க்க நிறுத்த வேண்டுமாம். நாளை நாலு மணிக்குள். லாரி பார்க்க நன்றாக இல்லை, முடிந்தால் கழற்றிக்கொண்டு வந்துவிடு என்றார் சாம்பசிவன் சார். முடிந்தால் என்றுதான் சொன்னார். இதை எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 16

முடிந்தவரை எழுதுகிறேன்.

காலையில் ஷெட்டில் ஆயுத பூஜை. ஸ்பானர், சுத்தி, ஜாக்கிக் கைப்பிடி, ஸ்லீப்பர் கட்டைகள் எல்லாவற்றையும் கழுவிக் குங்குமம் வைத்துப் படத்துக்கு முன்னால் அடுக்கியிருந்தார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் பூஜை ஆகும்வரை தொடக் கூடாது. எனக்கும் தெரியும். எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன்! நான் சர்ச்சுக்குப் போகிறவன் என்றாலும் பொரியும் வாழைப்பழமும் முதலில் என் கையில்தான் வைப்பான் மல்லப்பன்.

மூன்று மணிக்கு நான் கைப்பிடியைக் கேட்டேன். மல்லப்பன் கெஞ்சினான். வண்டியை ஓட்டிக்கொண்டு போகலாம், லாரியைக் கழற்றாமல் விட்டு வைக்கலாம், நாளைக் காலை பூஜை முடிந்ததும் தானே கட்டைகளைக் கொண்டுவந்து வைக்கிறேன் என்றான். நியாயமான பேச்சு. இப்போது தெரிகிறது. அப்போது எனக்குக் கோபம் ஏறிவிட்டது. அத்தனை பேர் முன்னால் என்னை நிற்க வைக்கிறானே என்று. வீம்பு! நாற்பத்தாறு வயசில் என்ன வீம்பு?

நானே போய்க் கைப்பிடியை எடுத்தேன். குங்குமத்தைக் கால்சட்டையில் துடைத்தேன். எல்லாரும் பார்த்தார்கள். உன் கட்டையை நீயே வைத்துக் கும்பிடு, என் ஜாக்கி நிற்கும் என்று அவனிடம் சொன்னேன்.

மூஞ்சி வாடிப்போச்சு அவனுக்கு. ஆனாலும் கூட வந்தான்.

மைதானத்தில் ஜாக்கிகளை இறக்கி, லாரியைக் கழற்றி முன்னால் எடுத்தேன். இறங்கித் திரும்புவதற்குள் இடது பக்கம் ஒரு சத்தம், டிரெய்லர் சாய்கிறது. நர்ஸ் விக்டோரியா உள்ளே மருந்துப் புட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மல்லப்பன் ஓடிப்போய் ஒரு கல்லைச் சட்டத்துக்கு அடியில் தள்ளினான். கல் பொடிப்பொடியாய்ப் போச்சு. வலது கை உள்ளே மாட்டிக்கிச்சு. லாரி ஜாக்கியை வெச்சுத் தூக்கித்தான் கையை எடுத்தோம் — கடவுளே, அந்த முகம் —

விக்டோரியாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அக்டோபர் 17

ஜம்பு சவாரி, தசரா யானை ஊர்வலம். ஊரே தெருவில். பேண்டு சத்தம் வார்டு வரைக்கும் கேட்டது.

மல்லப்பனுக்கு நாலு விரலை எடுத்துவிட்டார்கள். கட்டை விரல் மட்டும் மிச்சம். அவன் மனைவி கௌரம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் விட்டாள்.

அக்டோபர் 20

சாம்பசிவன் சார் என் பேரில் ஒரு அறிக்கையை டைப் செய்து நீட்டினார். பூஜையைக் காரணம் காட்டி அட்டெண்டர் மல்லப்பன் முட்டுக் கட்டைகளைத் தர மறுத்தான், கட்டை இல்லாததால் வண்டி இறங்கியது என்று. இதில் ஒரு வரி பொய் இல்லை. மரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அவர் பார்க்கலாம் என்றதும் இல்லை, நான் கைப்பிடி எடுத்ததும் இல்லை.

இது மேலே போனால் மல்லப்பனுக்கு வேலை போகும். பதினாறு வருஷ சர்வீஸ். கை போனதற்கு நஷ்ட ஈடும் கிடையாது.

கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 21

வீட்டில் என் மனைவி மோலியிடம் சொன்னேன். அரிசி புடைத்து முடித்தாள். பிறகு, உண்மையைத்தானே எழுதியிருக்காங்க, நமக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

அக்டோபர் 25, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

நான் கையெழுத்துப் போட்டது மல்லப்பனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனாலும் பக்கத்தில் உட்காரச் சொன்னான். "பூசையில வெச்சதை நீங்க எடுக்கறப்பவே நான் காலைப் புடிச்சாவது தடுத்திருக்கோணுமுங்க, டிரைவரண்ணா. சாமி கோவத்தை என் கையில தீத்துக்கிச்சு. உங்களுக்கு ஒண்ணும் ஆகலீல்ல, அது போதும்."

சாமி இல்லையடா, மரை. நான் பார்த்த மரை. வாய் வரைக்கும் வந்தது. கௌரம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வெட்கங்கெட்டவன்.

அக்டோபர் 28

பர்மாவில் குண்டுக்கு நடுவில் லாரி ஓட்டினவன் என்று பீற்றிக்கொள்வேன். ஒரு காகிதத்துக்கு இப்படிப் பயப்படுகிறேனே.

நவம்பர் 4

பெங்களூரிலிருந்து ஒரு அதிகாரி வந்து விசாரணை நடத்தினார். மல்லப்பன் கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு மூலையில் நின்றான். உன் கையெழுத்துதானே என்று என்னைக் கேட்டார்கள். ஆமாம் என்றேன். அப்புறம் எங்கிருந்து வந்ததோ, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மரையைப் பிரித்துப் பார்த்தது, சாரிடம் சொன்னது, லாரியைக் கழற்றாமல் விட்டிருக்கலாம் என்பது, கழற்றியது என் வீம்பு என்பது. சாம்பசிவன் சார் தன்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றார். அவர் பாடு.

நெஞ்சு லேசாகும் என்று நினைத்தேன். வெளியே வந்ததும் மல்லப்பன் எதிரில் நின்றான்.

"மரை தேஞ்சது உங்களுக்கு முன்னாலயே தெரியுமுங்களா?"

தெரியும் என்றேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுத் தப்புக் காசு முடிஞ்சு வெச்சுட்டு அன்னைக்கே கட்டையத் தூக்கிட்டு வந்திருப்பனே."

அவ்வளவுதான் கேட்டான். ஒரு வார்த்தை. அதைக்கூட நான் அவனுக்குக் கொடுக்கவில்லை. அவன் போய்விட்டான்.

நவம்பர் 21

உத்தரவு வந்தது. மல்லப்பனுக்கு நஷ்ட ஈடு உண்டு. ஷெட் வாசலில் காவல் வேலை. எனக்கு டிரைவர் வேலை இல்லை, ஷெட்டில் வண்டி கழுவ வேண்டும். மோலி அழுதாள். பிறகு எழுந்து, நாளைக்குச் சாப்பாடு டப்பாவில் வைக்கவா, வழக்கம்போல் இலையில் கட்டவா என்று கேட்டாள்.

புது மரை பொருத்தியாகிவிட்டதாம். யாரோ சொன்னார்கள்.

நவம்பர் 26

மல்லப்பன் வீட்டுக்குப் போனேன். கௌரம்மா கதவைப் பாதி திறந்து, தூங்குகிறார் என்றாள். உள்ளே அவன் இருமுவது கேட்டது.

சாமி செய்தது என்று நினைத்திருந்தவரை அவனால் தாங்க முடிந்தது. நான் அதையும் பிடுங்கிக்கொண்டேன். சொல்லாமல் இருந்திருக்க வேண்டுமா? இல்லை. சொல்லத்தான் வேண்டும். அக்டோபர் பன்னிரண்டிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

டிசம்பர் 1

இன்று முதல் மல்லப்பனுக்கு வாசலில் வேலை. எட்டு மணிக்குப் போனேன். கேட்டைத் திறந்தான். வணக்கம் சொன்னேன். இடது கையால் வருகைப் பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். கையெழுத்துப் போட்டு உள்ளே போனேன்.

டிசம்பர் 2

வணக்கம் சொன்னேன்.

டிசம்பர் 3

சொன்னேன்.